எல்லார்க்கும் திறக்கும் கதவு

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

வீடு கட்டுகிறவர் எவரும் வாசல் வைக்க மறப்பதில்லை. சுவரும் கூரையும் எத்தனை அழகாக அமைந்தாலும், உள்ளே நுழைய வழியில்லை என்றால் அதை வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், இன்று நாடெங்கும் நாள்தோறும் எழுப்பப்படுகின்ற வலைத்தளங்களில் பெரும்பாலானவை, மக்களில் ஒரு பகுதியினருக்கு வாசல் வைக்காமலே கட்டப்படுகின்றன. கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்குகிறவர், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், பழைய செல்போனை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர் ஆகிய இவர்கள் எல்லாம் அந்த வீடுகளைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

இதைச் சொல்ல இரண்டாமாண்டு மாணவி ஒருத்திக்கு என்ன தகுதி இருக்கிறது என்று பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் கேட்கலாம். அப்படி வாசல் இல்லாத வீடு ஒன்றை நானே கட்டினேன். அது ஒன்றுதான் என் தகுதி.

நான் கட்டிய முதல் வீடு

முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் எங்களுக்கு எச்.டி.எம்.எல். பாடம் தொடங்கியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்ததே பிளஸ் ஒன்னில்தான். அப்படிப்பட்ட நான் நாலு வரி எழுதினால் திரையில் ஒரு பக்கம் பிறக்கிறது என்பதைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

அந்த ஆண்டு துறை விழாவுக்கான வலைப்பக்கத்தைச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. கருநிறப் பின்னணி, அதன்மேல் ஊதா நிற எழுத்து, இடமிருந்து வலமாக ஓடுகின்ற செய்தி எனக் கற்ற வித்தை அனைத்தையும் அதில் இறக்கினேன். போட்டிகளின் விவரம், நாள், நேரம், பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஆகியவற்றை அழகழகான படங்களாக வரைந்து ஒட்டினேன். வகுப்பில் கைதட்டினார்கள். ஆசிரியர்கள் பாராட்டினார்கள். சந்தையில் மூட்டை தூக்கும் என் அப்பா, செல்போனில் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீயாம்மா செஞ்சே?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஒரு வாரம் கழிந்தது. உணவகத்துக்குப் பக்கத்திலுள்ள வேப்பமரத்தடியில் வரலாற்றுத் துறை மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் என்னை அழைத்தார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கி வருபவர்.

"தங்கச்சி, விழாப் பக்கத்தைச் செஞ்சது நீதானாமே? பேச்சுப் போட்டிக்குப் பேர் குடுக்கக் கடைசி நாள் எதுன்னு அதுல போட்டிருந்தியாம்மா?"

"போட்டிருந்தேனே, அண்ணா."

"எனக்குப் 'படம், படம், படம்'னுதான் சொல்லுச்சு. நாலு தடவை கேட்டுப் பார்த்தேன். இன்னிக்குத்தான் பையன் ஒருத்தன் சொன்னான், நாள் போயிடுச்சுன்னு. பரவால்ல. அடுத்த வருசம் நான்தான் இங்க இருக்க மாட்டேனே."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அன்று மாலை விழாக் குழுவிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள். அந்த ஆண்டு பேச்சுப் போட்டி அவர் இல்லாமலே நடந்தது. பரிசளிப்பின்போது நான் கைதட்டவில்லை.

ஒரே ஒரு வரி

அந்த அண்ணனைப் போன்றவர்கள் கணிப்பொறியையும் செல்போனையும் காதால் படிக்கிறார்கள். திரையில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். அது திரையைப் பார்ப்பதில்லை; திரைக்குப் பின்னால் நாம் எழுதி வைத்திருக்கும் நிரலைப் படிக்கிறது. எழுத்தாக இருப்பதைச் சொல்லும். படத்துக்குள் வரைந்த எழுத்து அதற்கு வெறும் படமே. அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று நாம் 'ஆல்ட்' என்னும் இடத்தில் எழுதி வைத்தால் அதையும் சொல்லும். எழுதாவிட்டால் 'படம்' என்று சொல்லி நகர்ந்துவிடும், இல்லையேல் பொருளற்ற கோப்புப் பெயரைப் படிக்கும்.

"பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் இது" என்று நான் ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடம் என்னிடம் இல்லாமல் போனது எதனால்? சோம்பலால் அன்று, அப்படி ஒருவர் என் பக்கத்துக்கு வருவார் என்ற நினைப்பே எனக்கு இல்லை. என் கருத்தில், குறைகளுக்கெல்லாம் வேர் இதுவே.

படம் மட்டும் அன்று, இன்னும் பல உண்டு. தலைப்பைத் தலைப்பு என்று நிரலில் குறிக்காமல் வெறுமனே பெரிய எழுத்தாகப் போட்டால், காதால் படிப்பவர் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவ முடியாது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டே ஆகவேண்டும். படிவத்தின் கட்டத்துக்குப் பெயர் வைக்காவிட்டால், எதை நிரப்புவது என்று தெரியாது. மவுஸ் பிடிக்க இயலாதவர்கள் 'டேப்' விசையை அழுத்தி அழுத்தித்தான் நகர்கிறார்கள். மவுஸுக்கு மட்டுமே திறக்கும் பட்டியலை அவர்களால் திறக்கவே முடியாது. சாம்பல் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து, பார்வை மங்கிய முதியவருக்கு வெற்றுத் தாள்தான்.

இவற்றுக்கெல்லாம் விதிகள் இல்லாமல் இல்லை. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் அதன் திட்டத்தை எழுதினார். 1993-இல் அந்நிறுவனம் அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கே விட்டுக்கொடுத்தது. வலையின் வலிமை அது எல்லோருக்கும் பொதுவாக இருப்பதில்தான் உள்ளது என்பது பெர்னர்ஸ்-லீயின் கொள்கை. அவர் 1994-இல் தொடங்கிய உலகளாவிய வலைச் சேர்த்தியம், உடற்குறை உடையோரும் வலையைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே 1997-இல் ஒரு தனி முயற்சியைத் தொடங்கி, 1999-இல் முதல் விதித்தொகுப்பை வெளியிட்டது. அது 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் திருத்தி வளர்க்கப்பட்டது.

அத்தொகுப்பு கூறும் அடிப்படைகள் நான்கே. பக்கத்தில் உள்ளது ஏதாவது ஒரு புலனுக்கு எட்டவேண்டும். அதை இயக்க முடியவேண்டும். அது புரியவேண்டும். எந்தக் கருவியில் திறந்தாலும் அது நிலைகுலையாமல் இருக்கவேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்பது போன்ற அளவுகளும் அதில் உள்ளன. நான் போட்ட ஊதா எழுத்தை அளந்து பார்த்தேன். அது பாதிகூடத் தேறவில்லை.

இது என் ஒருத்தியின் குறை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் வெப்எய்ம் என்னும் நிறுவனம் 2019 முதல் ஆண்டுதோறும் பத்து இலட்சம் வலைத்தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்து வருகிறது. 2025-இல் அவற்றுள் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் இந்த விதிகளை மீறிய பிழைகள் தென்பட்டன. 79 விழுக்காட்டுப் பக்கங்களில் எழுத்து மங்கலாக இருந்தது. பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத பெருநிறுவனங்கள் பல அப்பட்டியலில் உண்டு.

நீதிமன்றம் வரை சென்றவர்கள்

சிட்னி நகரில் 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதன் அமைப்புக் குழு நடத்திய வலைத்தளத்தில் படங்களுக்கு விளக்கம் இல்லை. பிறவியிலேயே பார்வையற்ற புரூஸ் மக்வையர் என்பவர், விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கருவியின் துணையோடு கணிப்பொறியைப் பயன்படுத்துபவர். விளையாட்டுகளின் பட்டியலையும் முடிவுகளின் அட்டவணையையும் தம்மால் படிக்க முடியவில்லை என்று அவர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். திருத்துவதற்குப் பெருஞ்செலவாகும், நெடுநாளாகும் என்று குழு வாதிட்டது. ஆணையம் அதை ஏற்கவில்லை. போட்டி தொடங்குமுன் திருத்தவேண்டும் என்று 2000 ஆகஸ்டில் ஆணையிட்டது. குழு முழுமையாகத் திருத்தவில்லை. ஆகவே அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்க வேண்டியதாயிற்று. என் பக்கத்தில் விடுபட்ட அதே ஒரு வரிதான் அங்கும் விடுபட்டது என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு வழியில் தரப்படும் தகவல்களும் அவர்களுக்கு எட்டும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது.

அமிலத் தாக்குதலில் கண்கள் சிதைந்த பிரக்யா பிரசூன் என்பவர் வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றபோது, 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்றது இயந்திரம். அவர் எப்படிச் சிமிட்டுவார்? அவருடைய வழக்கையும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடுத்த வழக்கையும் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் விசாரித்தனர். மின்னணு வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கியதே என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தனர். வலைத்தளத்தை எல்லார்க்கும் எட்டும்படி செய்வது இரக்கப்பட்டுப் போடும் பிச்சை அன்று, அது உரிமை என்பது இதனால் தெளிவாகிறது.

தமிழுக்கு ஒரு தனித் தொல்லை

திரைவாசிப்பான் தமிழைப் படிக்குமா என்று சிலர் ஐயுறுகிறார்கள். நன்றாகவே படிக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேமி டே என்னும் பார்வையற்ற நண்பர்கள் இருவர் 2006-இலிருந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் முற்றிலும் இலவசம். அது தமிழ் பேசும். ஆண்ட்ராய்டு செல்போன்களில் 'டாக்பேக்' என்பது உள்ளேயே இருக்கிறது. அதுவும் தமிழ் பேசும். தடை கருவியில் இல்லை; நம் கையில் இருக்கிறது.

தொடக்க காலத்தில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு இருந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும் சொல், கணிப்பொறிக்குள் 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்றுதான் கிடக்கும். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். கேட்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. யூனிகோடு முறை வந்தபின் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் கிடைத்தன. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடு முறையைத் தர அளவாக அறிவித்தது. இருந்தும் இன்றைக்கும் பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கைகளைக் காண்கிறோம். அடித்த தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகின்ற வழக்கத்தையும் நாள்தோறும் காண்கிறோம். மாணவர் தலைவர்களும் அதைத்தான் செய்கிறோம். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் படத்தில் வருகிறது. நம் கல்லூரியின் பார்வையற்ற மாணவர்கள் அதை அறிய ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது. அதே செய்தியை இரண்டு வரி தட்டச்சு செய்து படத்தோடு சேர்த்துப் போட்டால் போதாதா?

என் அப்பாவும் அம்மாவும்

கண் தெரிந்தவர்களுக்கும் கதவு அடைபடுவது உண்டு. கல்லூரியில் சேர்ந்த புதிதில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அப்பாவோடு சென்றேன். படிவம் முழுவதும் ஆங்கிலம். என் பெயரை எழுதினேன். 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் கேட்டது. தமிழ்நாட்டில் நமக்கு ஏது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்துத்தான் உண்டு. அந்த ஒற்றை எழுத்தைப் போட்டால் 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் வந்தது. எது தவறு, எப்படித் திருத்துவது என்று ஒரு சொல்லும் இல்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது என்று சொல்லி, நிரப்பியது எல்லாவற்றையும் அழித்துவிட்டது. இப்படி மூன்று நாள் அலைந்தோம். அப்பாவுக்கு மூன்று நாள் கூலி போயிற்று. மூன்றாம் நாள், "நமக்கு இதெல்லாம் சரிப்படாது போலிருக்கும்மா" என்றார். குறை படிவத்தில் இருந்தது; அவரோ தம்மிடம்தான் குறை என்று எண்ணிக்கொண்டார். என்னைச் சுட்டது அதுதான்.

முதல் தலைமுறையாகப் படிக்க வருகின்ற எத்தனை பிள்ளைகள் இப்படி 'நமக்குச் சரிப்படாது' என்று திரும்பிப் போனார்களோ! அவர்களைக் கணக்கெடுப்பார் இல்லை. படிவத்தைச் செய்தவர் மேசையில் பெரிய திரை இருந்திருக்கும். வேகமான இணைப்பு இருந்திருக்கும். சந்தையிலிருந்து வரும் ஓர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதை நிரப்புங்கள், பார்ப்போம்" என்று ஒருமுறை சொல்லியிருந்தால் அத்தனை குறையும் அரை மணியில் தெரிந்திருக்கும்.

இதை நான் அம்மாவிடம் கற்றேன். அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்காக, சேமிப்பு, கடன், வட்டி ஆகியவற்றைக் குறித்துவைக்க ஒரு சிறு பக்கம் செய்தேன். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். பொத்தானில் நான் 'சமர்ப்பி' என்று எழுதியிருந்தேன். அம்மா அதைத் தொடவே இல்லை. "இது கோயில்ல சொல்ற வார்த்தை மாதிரி இருக்கு. பணம் கட்டியாச்சுன்னு போடேன்" என்றார். அப்படியே போட்டேன். அழுத்தினார். ஆனால், திரையில் மாற்றம் எதுவும் தெரியாததால் மறுபடியும் அழுத்தினார். நூறு ரூபாய் இருநூறாக ஏறிவிட்டது. அழுத்தியதும் 'உங்கள் பணம் 100 ரூபாய் குறிக்கப்பட்டது' என்று வரும்படியும், இரண்டாம் முறை ஏறாதபடியும் திருத்தினேன். விரல் தடிப்பேறிய பெண்களுக்காகப் பொத்தானைப் பெரிதாக்கினேன். இப்போது குழுவில் பதினான்கு பேரும் யார் துணையும் இல்லாமல் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவர் அம்மா.

மறுப்பும் விடையும்

'விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்காக இத்தனை பாடா?' என்பார்கள். முதற்கண், அவர்கள் சிலர் அல்லர். அடுத்து, சிலருக்கென்று செய்தது பலருக்கும் பயன்படுவதே உலக நடப்பு. இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர் பார்வையிழந்த தம் தோழி ஒருவர் கடிதம் எழுதுவதற்காக ஓர் எழுத்துப் பொறி செய்தார். அந்தத் தோழி அதில் அடித்த 1808-ஆம் ஆண்டுக் கடிதம் இன்றும் இருக்கிறது. தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. காது கேளாதோருக்கென்று வந்த திரைவசனத்தை, இரைச்சல் மிகுந்த பேருந்தில் நாம் எல்லோரும் படிக்கிறோம். சக்கர நாற்காலிக்கென்று கட்டிய சாய்தளத்தில் குழந்தை வண்டியும் ஏறுகிறது, மூட்டை வண்டியும் ஏறுகிறது. தவிர, இன்று கண் நன்றாகத் தெரிகின்ற நாமும் ஒருநாள் கண்புரையோடு பெரிய எழுத்தைத் தேடப் போகிறவர்கள்தாமே!

'அழகு கெட்டுவிடும்' என்பார்கள். ஆல்ட் வரி கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அது எந்த அழகைக் கெடுக்கும்? எழுத்து தெளிவாக இருந்தால் பக்கம் அசிங்கமாகிவிடுமா?

'இதனால் வேலை கிடைக்குமா?' என்று கேட்பவர்களே மிகுதி. கேட்பதில் தவறில்லை. வீட்டில் எல்லோரும் நம் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும்போது நாமும் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இணைய வணிகம், வங்கிச் சேவை போன்றவை எல்லார்க்கும் எட்டும்படி இருக்கவேண்டும் என்கிறது அது. அந்நாடுகளுக்கு மென்பொருள் செய்து தரும் நம் நாட்டு நிறுவனங்களும் இதைக் கற்றே ஆகவேண்டும். கற்றவர்களுக்குத் தேவை பெருகும். ஆனால், வேலைக்காக மட்டும் கற்பவர் சட்டம் கேட்கிற அளவோடு நின்றுவிடுவார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

சென்ற பருவத்தில் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு சிறு பணி செய்தோம். பழைய வினாத்தாள்கள் எல்லாம் படங்களாகத்தான் சுற்றிவந்தன. நம் கல்லூரியில் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் மூவருக்கும் அவற்றால் பயனில்லை. நூலகத்தில் அமர்ந்து, அம்மூவரின் பாடங்களுக்குரிய 46 வினாத்தாள்களை யூனிகோடில் தட்டச்சு செய்தோம். தலைப்புகளைக் குறித்து, ஒரு பக்கமாக அமைத்தோம். செய்த பக்கத்தை முதலில் அந்த வரலாற்றுத் துறை அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் இப்போது வெளியூரில் பி.எட். படிக்கிறார். கேட்டுப் பார்த்துவிட்டு, "பகுதி அ எங்க முடியுது, பகுதி ஆ எங்க தொடங்குதுன்னு தெரியல தங்கச்சி" என்றார். திருத்தினேன். மறுபடி அனுப்பினேன். "இப்ப சரி" என்றார்.

நவம்பர்த் தேர்வு முடிந்ததும், அம்மூவருள் ஒருத்தி, "மொத தடவையா, வாசிச்சுக் காட்டச் சொல்லி யாரையும் கெஞ்சாம படிச்சேன்" என்றாள். அதைவிட எங்களுக்கு வியப்பளித்தது, மற்ற மாணவர்களும் அந்தப் பக்கத்தையே தேடி வந்ததுதான். படமாக இருந்தபோது வினாவைத் தேட முடியாது; எழுத்தாக இருந்தால் தேடலாம். கட்டணத்தில் இணைய அளவும் மிச்சம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

எங்கள் துறைப் பேராசிரியர்களுக்கு: மாணவர் செய்யும் வலைத்தளத் திட்டத்தை மதிப்பிடும்போது, மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டுக் கீபோர்டால் மட்டும் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். திரையை அணைத்துவிட்டுத் திரைவாசிப்பானில் ஓட்டச் சொல்லுங்கள். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினால் பக்கம் நிலைகுலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கென நூற்றுக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்கினால், ஒரே ஆண்டில் எங்கள் பழக்கம் மாறிவிடும். மதிப்பெண்ணுக்கு நாங்கள் எதையும் செய்வோம் என்பது தாங்கள் அறியாததன்று.

கல்லூரிக்கு: அறிவிப்புப் படங்களோடு, அதே செய்தியைத் தட்டச்சிலும் தாருங்கள். செலவு ஒரு காசும் இல்லை.

மாணவ நண்பர்களுக்கு: நீங்கள் செய்த பக்கத்தை உங்கள் நண்பனிடம் காட்டாதீர்கள், அவன் கைதட்டிவிடுவான். உங்கள் அம்மாவிடம் கொடுங்கள். வாய் திறந்து விளக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே உங்கள் பிழை இருக்கிறது. பிறகு, பார்வையற்ற தோழர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். நமக்கும் ஒரு காலத்தில் இந்தக் கல்லூரியின் கதவு திறக்காமல் இருந்தது. யார் யாரோ போராடித் திறந்து வைத்ததனால் இன்று உள்ளே அமர்ந்திருக்கிறோம். உள்ளே வந்தபின் கதவைச் சாத்திக்கொள்வது நமக்கு அழகா? அடுத்து வருகிறவர் பார்வையற்றவரோ, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரோ, யாராயினும் அவருக்கும் அது திறக்கவேண்டும்.

என் முதல் பக்கத்தை நான் அழிக்கவில்லை. கருநிறப் பின்னணியோடும் ஊதா எழுத்தோடும் அப்படியே வைத்திருக்கிறேன். அந்தப் படங்களுக்கு மட்டும் ஒவ்வொன்றாக ஆல்ட் வரி எழுதிவிட்டேன். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாளை இப்போது அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த நாள் போய்விட்டது. நீங்கள் செய்யப் போகும் பக்கங்களிலாவது, அது உரிய நாளில் உரியவர் காதில் விழட்டும்.